முட்டி போடும் இடம்

முட்டி போடும் இடத்துக்கு இன்னும் நான்கு பக்கம் இருக்கும்போது அப்பாவின் வயிறு முதல்முறை பேசியது.

மைக்குக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மாடி வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவது போல.

பெரிய வெள்ளி, மதியம் மூன்றரை மணி. மர்பி டவுனில் எங்கள் கோயிலுக்குள் நிற்க இடமில்லை. சிலுவைப் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் வாசிக்கிறோம். இயேசு பேசுவதெல்லாம் ஃபாதர். பேதுரு, பிலாத்து, வாசலில் நிற்கும் வேலைக்காரி, கூச்சல் போடும் கூட்டம், எல்லாம் நான். நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிற நீளமான பாகம் என் அப்பா ஓஸ்வால்டுக்கு. பத்தொன்பது வருடமாக அது அவருடைய பாகம். வேறு குரலில் எனக்கு அந்தக் கதையே தெரியாது.

அப்பா முகமூடி போட்டுக்கொண்டு தூங்குகிறவர். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க, தலைமாட்டில் ஒரு சின்ன மெஷின் குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அது வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்தக் காற்றில் கொஞ்சம் வழிதவறி வயிற்றுக்குள் போய்விடுகிறது. காலையில் அல்சூர் ஏரியில் விட்டால் மிதப்பார் என்பது அம்மாவின் கணிப்பு. பிறகு சாயங்காலம் வரை ஏப்பம்.

இந்தத் தவக்காலத்தில் இரண்டு ஞாயிறு, வாசகத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. பீடச் சிறுவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். ஃபாதர் திட்டவில்லை.

"பெரிய வெள்ளியன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா, அடுத்த வருஷம் க்ளென் படிக்கட்டும் ஓஸ்வால்ட்" என்றார்.

அப்பா கலங்கவில்லை. ஃபேக்டரியில் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். காற்று அவருக்குப் புதிதில்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். இடது பக்கம் மட்டும் ஒருக்களித்துப் படுக்கப் பழகினார். டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேசி, மெஷினின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வைத்தார். ஒருசந்தி நோன்பு நாளில் சோறு வேண்டாம், ஓமத் தண்ணீர் குடிக்கலாமா என்று ஃபாதரிடமே கேட்டு அனுமதி வாங்கினார். இன்று காலை ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, வெற்றி பெற்ற முகத்தோடு வந்தார்.

வாசிப்பு தொடங்கும் முன் பாடகர் குழுவிலிருந்து க்ளென் இறங்கி வந்தான்.

"அண்ணே, டென்ஷன் ஆவாதீங்க. முடியலன்னா கைய காட்டுங்க, ஓடியாறேன்."

"நீ ஓடியாறதுக்குள்ள ஈஸ்டரே வந்துடும், போடா" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் குனிந்தார். "முட்டி போட்ட உடனே மைக்க ஆஃப் பண்ணிடும்மா. மறந்துடாத."

சுவிட்ச் என் பக்கம்தான் இருந்தது.

மூன்று பக்கம். இரண்டு. அப்பாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கெட்ட சேதியை வீடு வீடாகச் சொல்லப் போகிறவரின் நிதானம் அதில் இருந்தது. வயிறு இன்னொரு முறை உறுமியது. அவர் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்தைத் திருப்பினார்.

இயேசு உயிர்விடும் வரி வந்தது.

அதை வாசித்ததும் எல்லோரும் முட்டி போட வேண்டும். யாரும் பேசக் கூடாது. பாட்டு கிடையாது, அன்று கோயில் மணிகூட கிடையாது. ஃபாதர் எழுந்திருக்கும்வரை மௌனம் மட்டும்.

ஐந்நூறு பேர் முட்டி போட்டார்கள். துணிகள் சரசரத்து அடங்கின.

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

நான் அழுத்தவில்லை.

ஸ்பீக்கரில் அப்பாவின் மூச்சு கேட்டது. உள்ளே. வெளியே. சுவர்களும் தூண்களும் சேர்ந்து மூச்சு விடுவது போல இருந்தது. மூன்றாவது பெஞ்சில் அம்மா கண்களை இறுக மூடி, கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

அடுத்த வருடம் க்ளென் படிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, விரலை எடுத்தேன்.

அது வந்தது. அடிவயிற்றில் கிளம்பி, நிதானமாக மேலேறி, நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பீடச் சிறுவர்கள்கூட.

அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டு, அப்படியே குதிகால்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

போன வருடம் இதே மௌனத்தில், இதே மைக்கில், அப்பாவின் குறட்டை கேட்டது. கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு குறட்டை நின்றது. ஃபாதர் எழுந்தார், எல்லோரும் எழுந்தோம். அப்பா மட்டும் மைக் கம்பத்தில் நெற்றியைச் சாய்த்தபடி முட்டியிலேயே இருந்தார். முன்வரிசையில் இருந்த நர்ஸ் நோரா ஓடி வந்து அவர் முகத்தைத் தூக்கியபோது, உதடுகள் நீலமாக இருந்தன.

இன்று ஃபாதர் அசைவதற்கு முன்பே, ஐந்நூறு பேருக்கும் முன்னால், அப்பா எழுந்து நின்றார்.