செவ்வாயா, புதனா?

"ஒரு பொண்ணு பொறந்த தேதி வேணும், கிராணி ஐயா. எழுதி முத்திரை போட்டுக் குடுங்க."

கிள்ளானில் பிறப்பு இறப்பு பதிகிற ஆபிசில், சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா வல்லிபுரம் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெற்றிலை வாயோடு ஒரு அம்மாள் நின்றாள். பேர் மாரியாயி என்றாள்.

"உங்கடை மகளோ?"

"எம் மவளுக்கு நான் எதுக்கு உங்ககிட்ட வந்து நிக்கிறேன்? நான் பெத்தது எனக்குத் தெரியாதா? இது அசல் வீட்டுப் பொண்ணுங்க. எம் மவனுக்குப் பேசியிருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாசாரில் மீன் விற்கிற வேலாயுதமும் அந்த வரிசையில் நின்றான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க்கா, பொண்ணு எடுக்கிறீங்களா, துப்புத் துலக்குறீங்களா?"

"உன் சோலியப் பாருடா. எம் மருமவ, நான் விசாரிக்கிறேன்."

"பேர் சொல்லுங்கோ" என்றார் வல்லிபுரம்.

"செங்கமலம். அப்பா பேரு கன்னையா. ரயில் கேட்டுல வேலை."

வல்லிபுரத்துக்குச் சுருக்கென்றது.

அந்தக் கன்னையா போன மாசம் இதே சன்னலில் வந்து அழுதுவிட்டுப் போன ஆள். மகள் பிறந்தது செவ்வாய்க்கிழமை, ஆயில்ய நட்சத்திரம். மாமியாருக்கு ஆகாது என்று, வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார்களாம். ஒரே ஒரு நாள் தள்ளிப் புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தால் மகம் ஆகிவிடும், பிள்ளை கரையேறிவிடும் என்று கெஞ்சினான். அரசாங்கப் புத்தகத்தில் கை வைக்கிற வேலை என்னிடம் நடக்காது என்று வல்லிபுரம் விரட்டிவிட்டார்.

இப்போது பெண் பேசியாகிவிட்டது என்றால், சாதகம் எழுதுகிறவர் அவ்வளவு கறார் இல்லை போலிருக்கிறது.

"சாதகம் தந்திருப்பினமே அம்மா. அது போதாதோ?"

"தந்தாங்க. அதுல புதன்னு இருக்கு. பொண்ணோட ஆத்தா பேச்சுவாக்குல செவ்வாய்க்கிழமை பொறந்தவன்னு சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா. அதான் வந்தேன்."

"ஒரு நாள் முன்னப்பின்ன இருந்தால் என்ன குடியா முழுகிப் போகும்?"

"எனக்குத் தெரிஞ்சாகணுங்கய்யா."

கட்டணம் கட்டிவிட்டால் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். வல்லிபுரம் எழுந்து உள்ளே போனார். பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினார். அவரே எழுதினது மாதிரி பளிச்சென்று இருந்தது. செங்கமலம், தகப்பன் கன்னையா.

இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் பொய் சொன்னதில்லை. புத்தகத்தை மூடினார்.

"அப்பிடி ஒரு பேர் இல்லை அம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தன். இல்லை."

மாரியாயி முகம் தொங்கிப் போயிற்று. அதுவும் கொஞ்ச நேரந்தான்.

"சரி. இதோட ஒரு நகலு கோலாலம்பூர் பெரிய ஆபிசுல இருக்குமாமே. காலையில ரயிலேறிப் போய்க் கேக்கிறேன். தேதி தெரியாம இந்தக் கல்யாணத்துக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

வல்லிபுரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கே போனால் உள்ளதும் வெளியே வரும், தன் பொய்யும் கூடவே வரும். பிள்ளைக்கும் பலன் இல்லை, தனக்கும் வேலை போகும்.

"இருங்கோ. இன்னொருக்கால் பாக்கிறன்."

பார்த்தார். எழுதினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இந்தத் தேதி என்ன கிழமைங்க?"

"செவ்வாய்."

"புதன் மகம்னா, அதுக்கு முந்தின நாள் ஆயில்யந்தான்."

"ஆயில்யமா?" வேலாயுதம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, உங்களுக்கு எமனோட ஓலை வந்திருச்சு."

வரிசையே சிரித்தது. வல்லிபுரத்துக்கு அடக்க முடியவில்லை.

"தேடி வந்தது கிடைச்சிட்டுதெல்லோ. இனிப் போய்ச் சொல்லுங்கோ, கலியாணம் இல்லை எண்டு. ஒரு குமர்ப்பிள்ளையின்ரை தலையில மண்ணள்ளிப் போட இவ்வளவு அலைச்சல்."

மாரியாயி காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணம் இல்லைன்னு யாருங்கய்யா சொன்னது? பொய் நட்சத்திரத்துக்கு நாள் பாத்துத் தாலி கட்டுனா, நல்ல நேரம் அந்தப் புள்ளைக்கு எப்படிச் சேரும்? உள்ளத உள்ளபடி ஐயரு காதுல மட்டும் போட்டு, அவளுக்குப் பொருந்தின நாளாக் குறிச்சு வாங்கணும்."

"ஆயில்யம் மாமிக்கு ஆகாது எண்டு..."

"ஆகாட்டி நான் போயிட்டுப் போறேன். வாழ வேண்டியது அவதானே."

வல்லிபுரம் சன்னல் பக்கம் குனிந்தார்.

"இதைக் கன்னையாவிட்டையே கேட்டிருக்கலாமே அம்மா?"

"கேக்கலாந்தான். அப்புறம் அந்த மனுசன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க பந்தல்ல நிப்பாரு?"