தொட்டாலே போதும்

லிப்ட் கதவு திறந்தபோது, "வாங்க டீச்சர்" என்று அவன் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை.

காரை நிறுத்திவிட்டு பேஸ்மென்ட்டிலேயே ஏறியிருந்தான். மூன்றாம் மாடிக்குத் தொட்டுவிட்டு, கையில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தான். தரைத்தளத்தில் லிப்ட் நின்றது. முதலில் ஒரு வெள்ளைக் கோல் உள்ளே வந்தது. அதன் பின்னால், தோளில் கனத்த பையோடு ஐந்தாம் மாடி ஹெலன் டீச்சர்.

"யாராவது இருக்கீங்களா?"

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பை சரசரக்காதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிள்ளைகுட்டிக்காரன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், திருட்டுப் பூனை மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

வாயைத் திறந்தால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். "சார், அந்தப் பட்டன் விஷயம் என்னாச்சு?" ஏற்கெனவே கேட்டிருக்கிறார். "பாத்துடலாம் டீச்சர்" என்று வாயாலேயே பந்தல் போட்டு அனுப்பிவைத்தான்.

பழைய லிப்டில் கறுப்புப் பட்டன்கள் இருந்தன. எண்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். டீச்சர் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார், ஐந்தை அழுத்துவார், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவரிடம் பள்ளிக்கூடத்துக் கதையைப் பேசிக்கொண்டே அதைச் செய்வார். அவருக்குக் கண் தெரியாது என்பதே பலருக்கு மறந்துபோகும்.

அந்த லிப்ட் அடிக்கடி மக்கர் செய்தது. மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பட்டன்களுக்குப் பதிலாக இந்தக் கண்ணாடிப் பலகையை யாரும் கேட்கவில்லை. அவன்தான் ஏதோ ஒரு ஹோட்டலில் பார்த்து மயங்கிப்போய், அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "அழுத்தவே வேணாம், தொட்டாலே போதும்" என்று சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினான்.

எந்த மாடி என்று சொல்லும் ஒரு குரல்கூட அதில் இருந்தது. மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று முதல் மாடியில் யாரோ முணுமுணுத்தார்கள். அதை அணைக்கச் சொன்னவனும் அவன்தான்.

டீச்சரின் விரல்கள் சுவரில் ஊர்ந்தன. பலகையைக் கண்டுபிடித்தன.

வழுவழுவென்று இருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

விரல்கள் கீழேயிருந்து மேலே தேடிக்கொண்டு போயின.

ஒன்று ஒளிர்ந்தது.

இரண்டு ஒளிர்ந்தது.

மூன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. நான்கு. ஐந்து.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கொஞ்ச நாளாகவே வாட்ஸப் குழுவில் இதே பஞ்சாயத்து. யாரோ எல்லா மாடியையும் தொட்டுவிட்டுப் போகிறார்கள், லிப்ட் நின்று நின்று உயிரை வாங்குகிறது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். முந்தாநாள் அவனே ஒரு செய்தி போட்டான். "லிப்டில் விளையாடும் வானரங்கள் யாரென்று தெரிந்தால் அவர்களின் பெயர் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்." அதன் கீழே ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள்.

டீச்சரும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவருடைய போன் எல்லாச் செய்தியையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்.

நேற்று அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறிக்கொண்டிருந்தார். அவன் பார்த்தான். உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு லிப்டில் ஏறிப் போனான்.

இப்போது அதை நினைக்க அவனுக்குக் கூசியது. இனியாவது பேசித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் இவ்வளவு நேரம் கல்லுளிமங்கன் மாதிரி நின்றுவிட்டு, இனிமேல் என்னவென்று ஆரம்பிப்பது?

முதல் மாடியில் கதவு திறந்தது. யாரும் இல்லை. "ஒண்ணு" என்று டீச்சர் வாய்க்குள் எண்ணிக்கொண்டார். இப்படித்தான் வீடு போய்ச் சேர்கிறார் போலிருக்கிறது.

இரண்டாம் மாடியில் சுபத்ரா ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தாள். மொட்டைமாடிக்குப் போகிறவள். ஏறியதுமே பலகையைப் பார்த்துவிட்டாள்.

"மறுபடியுமா! எந்தக் கட்டையில போற கை இப்பிடி எல்லாத்தையும் தொட்டு வெச்சிருக்கு?"

டீச்சரின் வலது கை சட்டென்று முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. முகம் சுண்டிப்போனது. எதையோ சொல்ல உதடுகள் பிரிந்தன.

அவர் அதைச் சொல்லும்படி விடக்கூடாது. அவனுக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

"நான்தாங்க. கை பட்டுடுச்சு."

"செக்ரட்டரி சாரேவா? நல்லாருக்கு போங்க!" சுபத்ரா சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. யாருமே இல்லாத மூலையிலிருந்து குரல் வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? அவருடைய முகம் மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

"சார், நீங்க எங்க ஏறுனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

கதவு மூடியது. லிப்ட் மேலே போனது.

மூன்றாம் மாடி. கதவு திறந்தது. எதிரே அவன் வீட்டு வாசல். எட்டி நாலடி வைத்தால் உள்ளே போய்விடலாம்.

"உங்க மாடி சார்," என்றாள் சுபத்ரா.

அவன் இறங்கவில்லை. கதவு மூடும்வரை காய்கறிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேஸ்மென்ட்லயே ஏறிட்டேன், டீச்சர்."