உச்சிவெயில் மழை

"மேடம், உங்களுக்குக் கோடி புண்ணியம். இதை மட்டும் கழட்டிக்கினு போயிடாதீங்க!"

கட்டிலின் தலைமாட்டில் இருந்த வெள்ளைப் பெட்டியை இரண்டு கைகளாலும் மறைத்தபடி நின்றான் மோசஸ்.

இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல தூக்கத்துக்கான படுக்கையறைக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் அவள் இன்ஜினீயர். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள் சிலரின் வீடுகளில் சோதனைக்காக வைத்த கருவிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தாள்.

"சோதனை முடிஞ்சிடுச்சுண்ணே. எடுத்துத்தானே ஆகணும்?"

"நான் கிரேன் ஓட்டறவன் மேடம். கீழ ஆளுங்க நிப்பாங்க, மேல நான் இரும்பைத் தூக்கிக்கினு போவேன். பகல்ல வந்து படுத்தா, இந்த ஷீட்டுக் கூரை ஊடு அடுப்பு மாதிரி கொதிக்கும். தூக்கம் எங்க வர்றது? ஒரு நாள் கிரேன்லயே கண்ணு சொருகிடுச்சு. கர்த்தர் கிருபை, யாருக்கும் அடிபடல. இன்னொரு வாட்டி தூங்கினா வேலையே இல்லன்னுட்டாங்க."

"இப்போ எப்படி இருக்கு?"

"இப்பவா? ராஜா மாதிரி தூங்கறேன்! உச்சி வெயில்ல இந்தப் பொட்டி மழைச் சத்தம் உடுது பாருங்க, ரூமே சில்லுனு ஆயிடுது. எம் பொண்டாட்டி மோனிகாவும் வேலைக்குப் போறவளா, அவ பகல்ல இருந்து கேட்டதே இல்ல. 'கனா கண்டிருப்பய்யா'ன்னு கிண்டல் பண்றா. அவ கெடக்கறா. 'இந்த மழையைக் குடுக்கற கையை ஆசீர்வதியும் ஆண்டவரே'ன்னு தெனம் ஜெபம் பண்ணிட்டுத்தான் வேலைக்குக் கெளம்பறேன்."

இளமதிக்கு நெஞ்சு நிறைந்தது. "தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"பொட்டியால இல்ல. பக்கத்து மாடி வீட்டுத் தணிகாசலம் பெரியவராலதான் பேஜாரு. கரெக்டா நான் தூங்கற நேரமாப் பாத்து மோட்டாரைப் போடுவாரு. நெலம் வெச்சிருந்த மனுஷன், வயலுக்குப் பாய்ச்சற நெனப்புல ஊட்டுக்கும் பாய்ச்சறாரு போல! ஒரு நாள் போய்க் கேட்டுடலாம்னு இருக்கேன்."

இளமதி பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள். அவள் புருவம் சுருங்கியது.

"அண்ணே, பின்னாடி ஒட்டியிருக்கற சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கே? இதைக் கிழிச்சாத்தானே சுவிட்ச் போட முடியும்?"

"மாட்ட வந்தவங்க தொடாதீங்க, தானா வேலை செய்யும்னாங்க. நாங்க தொடவே இல்ல. கண்ணு பட்டுடும்னு மோனிகா துணி போத்தி வெச்சிருந்தா."

"அப்போ இது ஒரு நாள்கூட..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. எங்கோ ஒரு மோட்டார் உறுமியது. அடுத்த நொடி, தலைக்கு மேல் சடசடவென்று மழை.

"பாத்தீங்களா, வந்துடுச்சு!" என்று குதித்த மோசஸ், அவள் கையிலிருந்த பெட்டியையும் தரையில் கிடந்த ஒயரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

இளமதி வாசலுக்கு ஓடினாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பக்கத்து மொட்டை மாடியில், கொளுத்தும் வெயிலில், தலையில் ஈரத் துண்டோடு தணிகாசலம் நின்றிருந்தார். கையில் ரப்பர் குழாய். மோசஸ் வீட்டுக் கூரையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே! என்ன பண்றீங்க?"

அவர் பதறிப்போய் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"கத்தாதம்மா! ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டு வந்த புள்ள, உள்ள தூங்கறான்."