டூட்டியில் இருக்கும் கை

குணசுந்தரிக்கு வேலை நேரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. அவள் பார்த்துக்கொள்ளும் நமச்சிவாயம் ஐயாவோ படுத்த படுக்கை. அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவார். கண் அசர ஒன்பதரை ஆகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி சம்பளம் தராது, கடைசி பஸ்ஸும் காத்திருக்காது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் இடது கையை மணிக்கட்டோடு கழற்றி, அவர் பிடியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

“அம்மா, இன்னொரு கை எங்க?” என்றாள் மகள்.

“டூட்டியில இருக்குடி.”

மகள் மிச்சமிருந்த கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

காலையில் போய் மாட்டிக்கொள்ளும்போது கை கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஏஜென்சி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“சார், ராத்திரி பூரா என் கை வேலை பாக்குது. ஓவர்டைம் போடுங்க.”

மேனேஜர் ஆச்சரியப்படவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

“ஒரு கைக்கெல்லாம் போட முடியாதும்மா. ரெண்டுன்னா ஒரு ஆள் கணக்குல எழுதிடலாம். அடுத்த தெருவுலயும் ஒரு பெரியவர் தூங்காம கெடக்காரு. உங்க வலது கை ராத்திரி சும்மாதானே வீட்டுக்குப் போகுது?”

குணசுந்தரி வலது கையை மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.