நீல பாட்டிலில் ஓர் அப்பா

மூன்று வயது மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, வாசலில் நிற்கும் ஆளை முறைக்கிறாள். ஆள் அவளுடைய அப்பாதான். கப்பல் மெக்கானிக், ஒன்றரை வருடம் கழித்து வீடு திரும்பியிருக்கிறான். நீட்டிய பொம்மை எடுபடவில்லை. "டீசல் நாத்தத்தோட கூப்பிட்டா வருவாளா? உங்க சென்ட்டத்தான் தினம் தலகாணில அடிச்சு, 'அப்பா பக்கத்துல இருக்காரு, தூங்குடி'ன்னு ஏமாத்திட்டிருக்கேன்" என்று மனைவி நீல பாட்டிலைத் தருகிறாள். அவன் உள்ளே வந்து மண்டியிட்டு, கழுத்தில் அடித்துக்கொள்கிறான். ஜன்னல் வெயிலில் துளிகள் மின்னி அடங்க, கடல் காற்றும் புதிதாய் அறுத்த மரமும் கலந்த வாசம் பரவுகிறது. மகளின் மூக்கு முதலில் வருகிறது, பிறகு கால்கள். மண்டியிட்டிருப்பவனின் கழுத்தை முகர்கிறாள். "அம்மா, இந்த மாமாகிட்ட என் தலகாணி வாசம் வருது!" 'மாமா' சுருக்கென்று தைக்கிறது. அதற்குள் அவன் தோளில் தலை சாய்த்துக் கண்மூடிவிடுகிறாள். முழங்கால் கடுக்கிறது, அவன் அசையவில்லை.