மூட்டு மாற்றிய பின் ஒரு தன்சோன்

வேராக்ரூஸ் நகரச் சதுக்கத்தில் தன்சோன் என்ற ஜோடி ஆட்டத்துக்கு இசை தொடங்கியும் கோன்ராதோ பெஞ்சைவிட்டு அசையவில்லை.

“எந்திரி கிழவா. இடுப்பு மூட்டு மாத்தி ஆறு மாசமாச்சு. ஆடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு,” என்றாள் அவர் மனைவி எல்வீரா.

“மறுபடி விழுந்தா?”

“பாதிப் பாட்டுல எல்லாரும் நின்னு விசிறிக்குவாங்கல்ல, அப்ப இளைப்பாறிக்கலாம். ஆம்பள கை நீட்டாம இங்க எந்தப் பொம்பளையும் ஆட முடியாது. நீட்டுய்யா!”

கோன்ராதோ தயங்கித் தயங்கி எழுந்து கை நீட்டினார்.

எல்வீரா தன் கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, புது மூட்டில் பாரம் ஊன்றி மெல்ல எழுந்தாள்.

“ஆபரேஷன் எனக்கு. நீ ஏன்யா பயந்து சாகுற?”

“அன்னிக்கு ஆடுறப்ப உன் கையை விட்டவன் நான்தானே, எல்வீரா?”

“அதனாலதான் முதல் ஆட்டம் உன்கூட.”