இரண்டு பேருக்கான துடிப்பு

உப்பளத்தில் எல்லாரும் மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்க வேண்டும். நெஞ்சுத் துடிப்பு தடுமாறினால் அது அலறி ஆம்புலன்ஸை வரவழைக்கும். அந்த ஆளுக்கு அதன்பின் வேலை கிடையாது. எழுபத்தெட்டு வயதான சவரியாருக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

“அண்ணாச்சி, உம்ம பட்டையையும் என் கையில கட்டும்,” என்றாள் உடன் வேலை செய்யும் லூர்தம்மாள். “அறுபது வயசு நெஞ்சு, ரெண்டு பேருக்கும் சேத்துத் துடிக்கும்.”

“குமரி நெஞ்சுல்லா! எனக்கு யோகந்தான்,” என்று சிரித்துக்கொண்டே சவரியார் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உப்பு வாரப் போனார்.

மதியம் கஞ்சி கொண்டுபோனவள், அவர் உப்புப் பாத்தியில் மூச்சின்றிச் சுருண்டு கிடப்பதைக் கண்டாள். அவருடைய பட்டை அவள் கையில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதை அவிழ்த்து அவர் கையில் கட்டினாள். உடனே அலறியது. ஆம்புலன்ஸ் வரும்வரை, அவர் முகத்தில் வெயில் படாதபடி நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் உப்பைத் துடைத்துக்கொண்டே ஜெபம் சொன்னாள்.